பந்தைத் தொடராத கண்



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் அரங்கில், பேஸ்பால் என்னும் அமெரிக்க ஆட்டத்துக்கு என்ன வேலை? அதிலும், சிறுவர் ஆடும் பேஸ்பாலை ஒளிப்படம் எடுக்கக் கற்றுக்கொள்ளும் ஒரு தொடக்கக்காரரின் பாடுகளுக்கு இங்கே என்ன இடம்? கேட்கத் தக்க கேள்விதான். அந்த ஆட்டத்துக்கும் கவிதைக்கும் பழைய உறவு உண்டு என்று விடை சொல்லலாம். 1968ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து யாங்கி அரங்கில் பருவத்தின் தொடக்க ஆட்டத்துக்கு முதற்பந்தை எறிந்தவர் மரியான் மூர் என்னும் கவிஞர். அப்போது அவருக்கு வயது எண்பது. ஆயினும் அந்த விடை வெறும் அணியலங்காரம். கண நேரத்தில் கடந்து போவதை எப்படிப் பிடிப்பது, பிடிக்கத் தக்கது எது, கண்டும் விட்டுவிடத் தக்கது எது என்னும் வினாக்களோடு நாளும் மல்லாடுகிறவர்கள் கவிஞர்கள். சனிக்கிழமை முற்பகலில், கம்பிவலைக்குப் பின்னே காமிராவும் கையுமாக நிற்கும் ஒரு தாயையோ தந்தையையோ அதே வினாக்கள் வந்து மறிக்கின்றன. அவர் கவிதை படித்தவராக இருக்க வேண்டியதில்லை.

ஆட்டத்தைப் பற்றி முதலில் சில சொற்கள். கிரிக்கெட் அறிந்தவர்க்கு இது முற்றும் அயலானது அன்று. பந்து வீசுபவர் ஒருவர், மட்டை பிடிப்பவர் ஒருவர், சுற்றிலும் காவல் நிற்பவர்கள். ஆனால் மட்டையாளர் இரு முனைகளுக்கு இடையே ஓடுவதில்லை. சதுரமொன்றின் நான்கு மூலைகளில் உள்ள தளங்களைச் சுற்றி ஓடி, புறப்பட்ட மூலைக்கே வந்து சேர வேண்டும். அந்த மூலைக்கு அவர்கள் இட்ட பெயர் 'வீடு'. வீட்டிலிருந்து கிளம்பி வீடு திரும்புவதுதான் ஆட்டத்தின் முழுப் பொருளும். கவிஞர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியிராது. பந்து தரையில் குத்தி எழுவதுமில்லை. வீசுபவரின் கையிலிருந்து நேராகக் காற்றில் வருகிறது. அடிக்கத் தக்க மூன்று பந்துகளைத் தவறவிட்டால் மட்டையாளர் வெளியேற வேண்டியதுதான்.

சிறுவர்க்கென இந்த ஆட்டத்தை ஒழுங்குபடுத்தியவர் கார்ல் ஸ்டாட்ஸ் என்பார். பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் என்னும் ஊரில், 1939ஆம் ஆண்டில், மூன்று அணிகளோடு அவர் தொடங்கியதே 'லிட்டில் லீக்'. ஒரு மரக்கடை, ஒரு பால் நிறுவனம், பிரெட்சல் என்னும் தின்பண்டம் செய்யும் ஒரு நிறுவனம் ஆகிய மூன்றும் அணிகளுக்குப் பொருளுதவி செய்தன. அவ்வாண்டு ஜூன் 6ஆம் நாள் நடந்த முதல் ஆட்டத்தில் மரக்கடை அணி, பால் நிறுவன அணியை 23-8 என்று வென்றது. பெரியவர்களின் மைதானத்தைச் சிறுவர்களின் கால்களுக்கும் கைகளுக்கும் ஏற்றபடி சுருக்கியதே ஸ்டாட்ஸ் செய்த பெரிய காரியம் எனலாம். பெரியவர்க்குத் தளங்களின் இடையே 90 அடி; சிறுவர்க்கு 60 அடி. பெரியவர் ஆட்டத்தில் வீசுமிடத்துக்கும் வீட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். சிறுவர்க்கு 46 அடி. ஒன்பது சுற்றுகள் ஆறாயின. சிறுமியருக்கு மட்டும் அந்த மைதானத்தின் கதவு நெடுங்காலம் அடைத்தே கிடந்தது. 1972இல் நியூஜெர்சி மாநிலத்தின் ஹோபோக்கன் நகரில் மரியா பெப்பே என்னும் சிறுமி மூன்று ஆட்டங்கள் ஆடியதும் நிறுத்தப்பட்டார், வழக்கு நடந்தது, 1974இல்தான் கதவு திறந்தது. சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து, 2014இல், லிட்டில் லீக் உலகத் தொடரில் எதிரணிக்கு ஓர் ஓட்டமும் விட்டுக்கொடாமல் ஓர் ஆட்டத்தை வீசி முடித்த முதற் சிறுமியாக மோனே டேவிஸ் பெயர் பெற்றார்.

இந்த வரலாற்றில் படம் எடுப்பவர் மறவாதிருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில், அணியிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறையேனும் மட்டை பிடிக்க வேண்டும். எதிரணியினர் ஆறு பேர் வெளியேறும் வரையிலேனும் களத்தில் நிற்க வேண்டும். திறமை குன்றிய பிள்ளைக்கும் இந்த உரிமை உண்டு. பயிற்சியாளர் விரும்பினும் விரும்பாவிடினும் விதி விதியே. காமிராவுக்கு இப்படியொரு விதியை யாரும் எழுதி வைக்கவில்லை. அது பற்றிப் பின்னர்.

தொடக்கக்காரரின் முதற்பாடு கணக்கிலிருந்து பிறக்கிறது. மணிக்கு 50 மைல் வேகத்தில் வீசும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அரியவர் அல்லர். அந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 73 அடி. ஆகவே, வீசியவர் கையிலிருந்து வீட்டை அடையப் பந்துக்கு முக்கால் நொடிகூட ஆவதில்லை. மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதோ ஏறக்குறைய நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண் கண்டு, மூளை அறிந்து, விரல் அசைவதற்கு ஐந்தில் ஒரு நொடி வேண்டும். அதற்குள் பந்து 14 அடிக்குமேல் வந்துவிடுகிறது. பந்து மட்டையில் படுவதைப் பார்த்தபின் பொத்தானை அழுத்துகிறவருக்கு, மட்டையைச் சுழற்றி முடித்த தோள்களும், படத்தின் எல்லைக்கு அப்பால் போய்விட்ட பந்துமே மிஞ்சும். முதல் சில வாரங்களில் எல்லாத் தொடக்கக்காரர்களும் வீட்டுக்கு எடுத்துச் செல்வது இத்தகைய படங்களைத்தான். பந்தே இல்லாத பந்தாட்டம்.

இங்கே கருவி விற்பவர் ஒரு மாற்று வழி காட்டுவார். நொடிக்குப் பத்துப் படம், இருபது படம் எடுக்கும் காமிரா இருக்கையில் கவலை எதற்கு, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதாதா என்பார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் சாயம் வெளுக்கும். நொடிக்குப் பத்துப் படம், ஒவ்வொன்றும் 1/1000 நொடி என்றால், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் மொத்தத்தில் நூறில் ஒரு பங்குதான். மீதித் தொண்ணூற்றொன்பது பங்கும் காமிரா குருடு. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே பந்து ஏழடி நகர்ந்துவிடும். மட்டையில் பந்து நசுங்கும் அந்தக் கணம், பெரும்பாலும் இரண்டு படங்களுக்கு நடுவில் இருக்கும் இருட்டில் நழுவிவிடுகிறது. அழுத்திப் பிடிப்பதை முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. தளத்தை நோக்கிச் சறுக்கி வரும் ஓட்டக்காரரைப் படம் எடுக்க அது நன்றாகவே உதவும். ஆனால் அது கணிப்புக்கு ஈடாகாது.

ஆகவே தொடக்கக்காரர் கற்க வேண்டியது, நிகழ்வதற்கு முன்பே அழுத்துவதை. பந்து வீசும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாளம் உண்டு. காலைத் தூக்குதல், கையைப் பின்னிழுத்தல், ஒரு சிறு தேக்கம், பிறகு வீச்சு. நாலைந்து பந்துகளைக் காமிராவைத் தூக்காமலே பார்த்துக்கொண்டிருந்தால் அந்தத் தாளம் உடம்பில் ஏறிவிடும். கச்சேரியில் தொடையில் தாளம் போடுகிறவருக்கு இது புதிதன்று. அடுத்த அடி விழும் இடத்தைக் கை முன்னரே அறியும். கண்ணாடி மேலெழும் வகைக் காமிராவில் இன்னொரு விந்தையும் உண்டு. ஷட்டர் திறக்கும் அந்தக் கணத்தில் பார்வைச் சாளரம் இருண்டுபோகிறது. மட்டையில் பந்து பட்டதைத் தெளிவாகக் கண்டதாக ஒருவர் மகிழ்ந்தால், அந்தக் கணம் அவர் படத்தில் இல்லை என்று பொருள். படத்தில் இருப்பதை அவர் காணவில்லை. கண்டது படத்தில் இல்லை. கண்ணாடி இல்லாத இன்றைய மின்னணுக் காமிராக்களில் சில இவ்வாறு இருள்வதில்லை என்றாலும், விரலின் தாமதம் பழையபடியேதான்.

தாம் எடுத்ததையே அறியாத ஒளிப்படக்காரருக்கு வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. சார்லஸ் கான்லன் என்பவர் நியூயார்க் செய்தித்தாள் ஒன்றில் மெய்ப்புத் திருத்துபவர். நூல்களும் மலர்களும் பதிப்பிக்கிற இந்த அவையோருக்கு அந்தத் தொழிலின் அருமை தெரியும். 1904 முதல் ஓய்வு நேரங்களில் அவர் பேஸ்பால் வீரர்களைப் படம் எடுத்து வந்தார். கண்ணாடித் தட்டில் படம் பதிந்த காலம் அது. ஒரு தட்டுக்கு ஒரு படம்தான். 1910 வாக்கில் ஒரு நாள் அவர் மூன்றாம் தளத்தின் அருகே நின்றுகொண்டிருந்தபோது, டெட்ராய்ட் அணியின் டை காப் இரண்டாம் தளத்திலிருந்து மூர்க்கமாகச் சறுக்கி வந்து பாய்ந்தார். தளத்தைக் காத்து நின்ற ஜிம்மி ஆஸ்டின் நிலைகுலைந்தார். ஆஸ்டின் கான்லனுக்கு வேண்டியவர். அவருக்கு அடிபட்டுவிட்டதோ என்ற கலக்கமே கான்லனின் மனத்தை நிறைத்தது. படம் எடுத்தோமா இல்லையா என்பதே அவருக்கு நிச்சயமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தட்டை மாற்றிவைத்தார். பிறகு கழுவிப் பார்த்தபோது புழுதி பறக்க, பல்லைக் கடித்தபடி காப் பாய்ந்து வரும் காட்சி அதில் இருந்தது. பேஸ்பால் வரலாற்றில் மிகப் பெரிய புகழ் பெற்ற படங்களுள் ஒன்று அது. கை தன் வேலையைச் செய்திருக்கிறது. மனம் நண்பனிடம் இருந்திருக்கிறது. பயிற்சி என்பதன் பயன் இதுவே எனத் தோன்றுகிறது. கருவியை மறக்கும் அளவுக்குக் கருவியைப் பழகிவிட்டால், மனம் மனிதர்களைக் கவனிக்க ஓய்வு பெறுகிறது.

கருவியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பந்து உருண்டையாகவே படத்தில் நிற்க 1/1000 நொடியளவு வேகம் வேண்டும்; 1/125 வைத்தால் அதற்குள் பந்து ஏழு அங்குலம் நகர்ந்து வெண்கோடாக இழுபட்டுவிடும். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400இல் எஃப் 8 வைத்தாலே அந்த வேகத்துக்கு மேலும் ஒளி இருக்கிறது. 200 மில்லிமீட்டர் வரை நீளும் சாதாரண லென்ஸ் ஒன்று போதும். பெரிய துளையுள்ள லென்சுக்காகக் கடன்படுகிற பெற்றோரும் உண்டு. முழங்காலை மடக்குவதற்குக் காசு வேண்டியதில்லை. ஆனால் படத்தை அதிகம் மாற்றுவது அதுதான். நின்றுகொண்டு எடுத்தால் பிள்ளையின் தொப்பியும், பின்னால் நிறுத்திவைத்த கார்களும் படத்தில் விழும். மண்டியிட்டுப் பிள்ளையின் கண்ணுயரத்துக்கு இறங்கினால் கார்கள் மறைந்து, மரங்களும் வானமும் பின்னணியாகும். பிள்ளைகள் ஆட்களாகத் தெரிவார்கள். வலக்கை மட்டையாளரின் முகமும் மார்பும் முதல் தளத்துப் பக்கம் திரும்பியிருக்கும். இடக்கைக்காரருக்கு மூன்றாம் தளத்துப் பக்கம். எதிர்ப்பக்கம் போய் நின்றால் முதுகுதான் கிடைக்கும். முதுகை வேண்டியே அங்கு நிற்கலாம் என்பது வேறு சங்கதி.

உச்சி வெயில் ஒரு சங்கடம். தொப்பியின் முன்விளிம்பு பாதி முகத்தை இருட்டில் தள்ளிவிடும். வெள்ளைக் கால்சட்டை காமிராவின் ஒளிமானியை ஏமாற்றும். எதையும் நடுத்தரச் சாம்பலாகவே கொள்ளும் பேதைமை அதற்கு. வெண்மை மிகுந்திருந்தால் வெளிச்சம் மிகுதி என்று எண்ணி முகங்களைக் கறுக்க வைத்துவிடும். சற்றே ஒளியைக் கூட்டிவைத்தால் போதும். காலையிலும் மாலையிலும் சரிந்து வரும் வெயில் தொப்பிக்கு அடியில் புகுந்து கண்களைக் காட்டிவிடும்.

கம்பிவலை இருக்கிறதே, அது தனிப் பேச்சுக்குரியது. மைதானத்துக்கும் பெற்றோருக்கும் இடையே அது நிற்கிறது. தொடக்கக்காரர் அதைக் கண்டு அஞ்சிப் பத்தடி விலகி நிற்பார். வலை முழுவதும் படத்தில் வந்து விழும். பிள்ளைகள் கூண்டுக்குள் அடைபட்டவர் போல் தோன்றுவர். செய்ய வேண்டியது நேர்மாறானது. வலையில் வெயில் படாத இடமாகப் பார்த்து, லென்சை அதற்கு ஒட்டிப் பிடித்து, துளையை அகலத் திறந்து, தொலைவிலுள்ள பிள்ளை மேல் குவியத்தை வைத்தால் கம்பி கரைந்து போய்விடும். இருந்த சுவடே தெரியாது. தடையை விலகி நின்று நோக்கினால் தடைதான் தெரிகிறது. அதன்மேல் முகத்தை வைத்து அழுத்தினால் அப்பால் உள்ளது தெரிகிறது. யாப்பைக் கண்டு அஞ்சும் இளங்கவிஞர்க்கும் இதில் ஒரு செய்தி இருக்கலாம்; அதை அவரவர் எடுத்துக்கொள்க.

இவ்வளவும் கற்பதற்கு ஒரு பருவம் போதும். இரண்டாம் பருவத்தில் பந்து மட்டையில் படும் படம் ஒன்று கிடைத்துவிடுகிறது. தளத்தில் சறுக்குவதும், புழுதியும், நடுவர் கையை விரிப்பதும் கிடைத்துவிடுகின்றன. பலர் இத்தோடு கற்றது போதும் என்று நின்றுவிடுகிறார்கள். உண்மையில் கடினமான பகுதி இனிமேல்தான் தொடங்குகிறது.

பந்தைத் தொடரும் கண், பந்து போகாத இடத்தைக் காண்பதில்லை. சிறுவர் ஆட்டத்தில் பந்து மிகக் குறைவாகப் போகும் இடம் வலது வெளிக்களம். மட்டையாளர்களில் பெரும்பாலோர் வலக்கைக்காரர். அவர்கள் இழுத்து அடிக்கும் பந்து இடப்பக்கம் செல்கிறது. ஆகவே அணியில் திறமை குறைந்த பிள்ளையைப் பயிற்சியாளர் வலது வெளிக்களத்துக்கு அனுப்புவது எங்கும் உள்ள வழக்கம். அங்கே நிற்கும் பிள்ளையின் உலகம் தனி. கையுறையைக் கழற்றித் தலையில் கவிழ்த்துக்கொள்வான். புல்லில் மஞ்சள் பூப் பறிப்பான். வேலிக்கு அப்பால் போகும் நாயைப் பார்ப்பான். உள்ளே எல்லோரும் கத்தும்போது தானும் சேர்ந்து கத்துவான், காரணம் தெரியாமலே. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பந்தொன்று அவன் பக்கம் உயரே எழும்பும்போது, அந்த முகத்தில் தோன்றும் அச்சத்தையும் ஆசையையும் உள்ளே ஆடும் எந்தத் திறமைசாலியின் முகத்திலும் காண முடியாது.

பிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படங்கள். ஆறு சுற்று ஆட்டத்துக்கு இரண்டு சுருள் என்றால் 72 முறைதான் அழுத்தலாம். இன்று ஒரே ஆட்டத்தில் ஆயிரம் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எடுப்பது எளிதாகிவிட்டது, கழிப்பது கடினமாகிவிட்டது. இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழிக்கையில் முதலில் போவது யார்? மங்கலான படங்கள் போகட்டும். அவற்றுக்கு அடுத்தபடியாகப் போவது, ஒன்றும் நடவாத படங்கள். வலது மூலையில் நின்ற பிள்ளையிடம் ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே அவன் போகிறான். பருவம் முடிந்து, அணியினர் எல்லோரும் கூடும் விருந்தில் படங்கள் சுற்றுக்கு வரும்போது, பன்னிரண்டு பிள்ளைகளில் பதினொருவர் தம்மைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். ஒருவன் மட்டும் கடைசிப் படம் வரை புரட்டிவிட்டு, மீண்டும் முதலிலிருந்து புரட்டுகிறான். ஆட்ட விதி அவனுக்கு ஒரு முறை மட்டை பிடிக்கும் உரிமையைத் தந்தது. காமிரா அதைத் தரவில்லை. இதைச் சிறு விஷயம் என்பவர்கள், தொகைநூல் ஒன்றில் தம் கவிதை இருக்கும் என்று நம்பி, அச்சாகி வந்தபின் பொருளடக்கத்தை இருமுறை பார்த்தவர்களாக இருக்கமாட்டார்கள்.

தேர்ந்த பெற்றோர் சிலர் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். ஆட்டக்காரர் பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பிள்ளைகள் என்று பிரித்துக்கொள்கிறார்கள். அந்தச் சுற்றில் அவர்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கேதான் லென்ஸ். பந்து எங்கே போனாலும் சரி. ஆறு சுற்றில் பன்னிரண்டு பேரும் வந்துவிடுகிறார்கள். தம் சொந்தப் பிள்ளையும் அந்த முறைவரிசையில் ஒருவரே. இது எழுதுவதற்கு எளிது. தம் பிள்ளை மட்டையோடு நிற்கையில், கண்ணை அகற்றி வேறொருவர் பிள்ளைமேல் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பெற்றவர்களே அறிவர். முறை தவறி ஒன்றிரண்டு எடுத்துக்கொள்வதைக் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை.

இனி, எடுக்காமல் விடுவது. மூன்றாம் பந்தையும் தவறவிட்ட பிள்ளை திரும்பி நடந்து வருகிறது. உதடு நடுங்குகிறது. கண்ணில் நீர் கட்டிவிட்டது. ஒளி நன்றாக விழுகிறது. குவியம் சரியாக நிற்கிறது. விரல் பொத்தானின் மேல் இருக்கிறது. அன்றைய ஆட்டத்தின் ஆகச் சிறந்த படம் அதுவாகத்தான் இருக்கும். எடுக்கலாமா?

அழுவதும் ஆட்டத்தின் பகுதியே, உண்மையை மறைக்கக் கூடாது என்று வாதிடுவோர் உண்டு. வளர்ந்த வீரர்களைப் பொறுத்தவரை அந்த வாதம் செல்லும். அவர்கள் பிறர் பார்ப்பதற்கென்றே ஆடி ஊதியம் பெறுகிறவர்கள். பிள்ளைகள் ஆடுவதற்கு மட்டுமே வந்தவர்கள். பார்க்கப்படுவதற்கு ஒப்புக்கொண்டு வந்தவர்கள் அல்லர். அழும் முகம் மறுநாளே பள்ளிப் பிள்ளைகளின் கைகளில் சுற்றி வரக்கூடிய காலம் இது. சொந்தப் பிள்ளையாயின், எடுத்துப் பூட்டிவைத்து, பின்னொரு நாள் அந்தப் பிள்ளையிடமே கொடுத்து முடிவு செய்யச் சொல்லலாம். பிறர் பிள்ளையாயின் காமிராவைத் தாழ்த்துவதே முறை.

கவிதையிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்கர் பேஸ்பால் பற்றி எழுதிய கவிதைகளுள் யாவரும் அறிந்தது, எர்னஸ்ட் தேயர் 1888இல் சான் பிரான்சிஸ்கோ செய்தித்தாள் ஒன்றில் எழுதிய 'கேசி அட் த பேட்'. ஊரே நம்பியிருக்கும் பெருவீரன் கேசி, இறுதிப் பந்தை ஓங்கி அடிக்கப் போய்த் தவறவிடுகிறான். கவிதை முழுவதும் அவனுடைய மிடுக்கையும், முறுவலையும், பல்லைக் கடிப்பதையும் கூர்ந்து காட்டிவந்த தேயர், தவறவிட்ட பின் அந்த முகத்தைக் காட்டவே இல்லை. எங்கெங்கோ மகிழ்ந்திருக்கும் மக்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, இவ்வூரின் துயரத்தை ஒரு வரியில் சொல்லி நிறுத்திவிடுகிறார். நகைச்சுவைக்காக எழுதிய கவிதைதான். ஆயினும் கண்ணை எப்போது திருப்பிக்கொள்வது என்று அந்தப் பத்திரிகைக் கவிஞர் அறிந்திருந்தார்.

திருப்பிக்கொள்ளாமல், சுற்றிக்கொண்டு போய் நிற்கவும் ஒரு வழி உண்டு. 1948 ஜூன் 13ஆம் நாள் யாங்கி அரங்கில் பேப் ரூத்துக்கு விடைகொடுக்கும் விழா. அவருடைய 3ஆம் எண் சட்டையை இனி யாரும் அணிவதில்லை என்று அறிவித்த நாள். நோயால் மெலிந்து, ஒரு மட்டையை ஊன்றிக்கொண்டு அவர் நின்றார். நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூன் இதழின் வழக்கமான விளையாட்டு ஒளிப்படக்காரர் உடல்நலமின்றி இருந்ததால், அவருக்குப் பதிலாக அனுப்பப்பட்டவர் நாட் ஃபைன். ஒளிப்படக்காரர்கள் எல்லோரும் முன்புறம் திரண்டு முகத்தை எடுத்தபோது, ஃபைன் பின்பக்கம் போனார். மங்கலான நாளாயினும் மின்னல்விளக்கைத் தவிர்த்தார். அவர் எடுத்த படத்தில் ரூத்தின் முகம் இல்லை. தொளதொளத்த சட்டை, முதுகில் 3 என்னும் எண், தாழ்ந்த தலை, எதிரே வரிசையாக நிற்கும் வீரர்கள், அரங்கு நிறைந்த மக்கள். இரண்டு மாதத்தில், ஆகஸ்டு 16ஆம் நாள், ரூத் காலமானார். அந்தப் படத்துக்கு 1949ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அழுதுகொண்டு வரும் பிள்ளைக்கும் முதுகு உண்டு. அளவு பெரிதான சட்டையும், இடுப்பில் பாதி செருகியும் பாதி வெளியே தொங்கியும் கிடக்கும் அதன் விளிம்பும், தரையில் இழுபடும் மட்டையும், எண்ணும் போதும். யாருடைய பிள்ளை என்று தெரியாது. ஆனால் அதற்கு என்ன நேர்ந்தது என்று எவர்க்கும் தெரியும். அகப்பாடலில் தலைவனையும் தலைவியையும் பெயர் சுட்டாத மரபு தமிழர்க்கு உண்டு. பெயர் இல்லாததால் அந்தத் துயரம் குறைந்துவிட்டதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. அந்த மரபில் வந்தவர்க்கு இந்தப் படத்தின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. பெற்றோரின் இசைவின்றிப் பிள்ளைகளின் படங்களைப் பொதுவில் வைக்கலாகாது, வைத்தாலும் பெயரும் ஊரும் சேர்க்கலாகாது என்று இன்று பலரும் வலியுறுத்துகிறார்கள். அதுவும் இதைச் சேர்ந்ததே.

கடைசிச் சுற்று முடிகிறது. வெற்றி பெற்றவர்கள் குதிக்கிறார்கள். தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் அந்தக் குதிப்பை எடுத்துவிட்டுக் காமிராவைப் பையில் வைத்துவிடுகிறார்கள். அவசரம். அதன் பின்னர் ஒரு சடங்கு இருக்கிறது. இரண்டு அணிகளும் எதிரெதிர் வரிசையாக நடந்து, ஒருவரையொருவர் கடக்கையில் உள்ளங்கையைத் தட்டி, நல்ல ஆட்டம் என்று சொல்லிச் செல்வார்கள். வென்றவர், தோற்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டவர் எல்லோரும் வர வேண்டும், விலக்கு இல்லை. வரிசை முடியும் முனைக்கு எதிரே போய் மண்டியிட்டு, ஒரே இடத்தில் குவியத்தை நிறுத்திவைத்தால் பிள்ளைகள் தாமாகவே ஒருவர் பின் ஒருவராக அந்த இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். வேகம் வேண்டியதில்லை, 1/250 போதும். மாலைச் சாய்வெயில் இருந்தால் இன்னும் நல்லது. வெளிக்களத்திலிருந்து ஓடி வர வேண்டியிருப்பதால், வலது மூலையில் நின்ற பிள்ளை பெரும்பாலும் வரிசையின் கடைசியில்தான் வருகிறான். கையுறை இன்னும் கையில் இருக்கிறது. பறித்த பூ சில வேளைகளில் அதற்குள் இருக்கிறது.